மண்டபத்துக்குக் கமரா பூட்டுவதா?

(எமது சங்கத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரை. புத்தாண்டு மலருக்காக எழுதித் தரப்பட்டது.)



மேடை ஏறிப் பேசிப் பழகின ஆள் இல்லை நான். ஊரில் உயர்தரம் வரை படித்தேன். அதற்கு மேல் படிக்க நாட்டு நிலைமை விடவில்லை. இங்கு வந்தபின் லண்டனின் மேற்குப் பக்கத்தில் ஒரு உணவுத் தொழிற்சாலையில் சான்ட்விச் பெட்டி அடைக்கிற லைனில் நிற்கிறேன். செயலாளர் அண்ணை ரெலிபோன் எடுத்து, "தம்பி, நீர்தானே நாள் முழுக்க கமராவுக்குக் கீழ நிண்டு வேலை செய்யிறீர், நீரே இதைப் பற்றிப் பேசும்" என்றார். அந்த ஒரு தகுதியோடுதான் உங்கள் முன் நிற்கிறேன்.

விடயம் உங்கள் எல்லோருக்கும் தெரியும். போன மாரியில் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளி முடிந்து போகும்போது, கார் நிறுத்துகிற இடத்தில் ஒரு அம்மாவின் சங்கிலியை அறுத்துக்கொண்டு ஓடினார்கள். அதற்குச் சில வாரங்களுக்கு முன் மண்டபத்துக்குள்ளேயே ஒரு ஐயாவின் கோட்டுப் பைக்குள் இருந்த காசு காணாமல் போனது. ஆகவே வாசல், கார் நிற்கிற இடம், மண்டபம், அலுவலக அறை எல்லாவற்றுக்கும் சி.சி.ரி.வி. கமரா பூட்ட வேண்டும் என்று ஒரு பிரேரணை வந்திருக்கிறது.

"பூட்டாட்டில் பிள்ளையை இனி அனுப்ப மாட்டன்" என்று ஒரு தாய் சொல்லியிருக்கிறார். "பூட்டினால் நான் இனி இந்தப் பக்கம் வரமாட்டன்" என்று ஒரு தம்பி சொல்லியிருக்கிறார். அந்தத் தம்பிக்கு இன்னும் வழக்கு முடியவில்லை. இரண்டு பேரும் எங்கட ஆக்கள். இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஒருவரை வைத்திருப்பதற்காக மற்றவரை வெளியில் விட இந்தச் சங்கத்தால் முடியாது. அதனால் இந்தக் கமரா இந்த நாட்டில் எப்படி வளர்ந்தது, எதைச் செய்தது, எதைச் செய்யவில்லை என்பதைக் கொஞ்சம் பார்த்துவிட்டு எங்கட மண்டபத்துக்கு வருகிறேன்.

1985ஆம் ஆண்டு போர்ண்மத் என்ற கடற்கரை நகரத்தில் பொது இடத்தில் நிரந்தரமாகக் கமரா பூட்டினார்கள். அதன் பின்னும் சில காலம் இது மெதுவாகத்தான் பரவியது. 1993 பெப்ரவரி 12ஆம் திகதிதான் நிலைமை மாறியது. அன்று லிவர்பூலுக்குப் பக்கத்தில் பூட்டில் என்ற இடத்துக் கடைத்தொகுதியில் இருந்து ஜேம்ஸ் பல்ஜர் என்ற இரண்டு வயதுக் குழந்தையை, பத்து வயதுச் சிறுவர்கள் இருவர் கையில் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார்கள். குழந்தை பின்னர் கொலை செய்யப்பட்டுக் கிடந்தது. கடைத்தொகுதிக் கமராவில் பதிந்த அந்த மங்கலான படத்தை ரி.வி.யில் பார்த்து நாடே கலங்கியது. அதன் பின் அரசாங்கம் கமராவுக்குப் பணத்தை அள்ளிக் கொடுத்தது. 1990களின் பிற்பகுதியில் உள்துறை அமைச்சு குற்றத்தடுப்புக்கு ஒதுக்கிய பணத்தில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் கமராவுக்கே போனது.

ஒரு விடயத்தைக் கவனியுங்கள். அந்தக் கமரா குழந்தையைக் கண்டது. ஆனால் காப்பாற்றவில்லை. ஒரு சின்னப் பிள்ளை இரண்டு பொடியன்களோடு போவதைப் பார்த்தால் அண்ணன்மாரோடு போகிறது என்றுதான் யாரும் நினைப்பார்கள். கமராவுக்குப் பின்னால் ஆள் இருந்திருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பார். நடந்து முடிந்த பிறகு, யார் கூட்டிக்கொண்டு போனது என்று தேடத்தான் அந்தப் படம் உதவியது. கமராவின் பலமும் பலவீனமும் அந்த ஒரு சம்பவத்திலேயே இருக்கிறது.

அது தேடிப் பிடிக்க உதவும் என்பதை மறுக்கக் கூடாது. 1999ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் லண்டனில் ஒரு இனவெறியன் ஆணிகள் நிறைத்த குண்டுகளை வைத்தான். 17ஆம் திகதி கறுப்பின மக்கள் கூடுகிற பிரிக்ஸ்ரனில், 24ஆம் திகதி வங்காளிகள் வாழ்கிற பிரிக் லேனில். எங்களைப் போன்ற நிறத்தவர்களைக் குறிவைத்துத்தான் அந்தக் குண்டுகள் வைக்கப்பட்டன. பிரிக்ஸ்ரன் கமராக்களில் பதிந்த படங்களைப் பொலிசார் நாட்கணக்காக இருந்து பார்த்து, 29ஆம் திகதி ஒரு படத்தை வெளியிட்டார்கள். அடுத்த நாள் அவனை வேலையில் தெரிந்த ஒருவர் அடையாளம் கண்டு அறிவித்தார். அதற்குள் அன்று மாலையே ஸோஹோவில் மூன்றாவது குண்டு வெடித்து மூன்று பேர் இறந்துவிட்டார்கள். ஆனால் ஒருசில மணித்தியாலங்களுக்குள் ஆள் பிடிபட்டான். அந்தப் படம் இல்லாவிட்டால் நாலாவது, ஐந்தாவது குண்டும் வெடித்திருக்கலாம். கமராவே வேண்டாம் என்று சொல்கிறவர்கள் இதையும் யோசிக்க வேண்டும்.

சரி, கமரா இருந்தால் குற்றம் குறையுமா? 2005ஆம் ஆண்டு உள்துறை அமைச்சே ஒரு பெரிய ஆய்வை வெளியிட்டது. பல இடங்களில் பூட்டிய கமராத் திட்டங்களை, கமரா இல்லாத அயல் இடங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். பெரும்பாலான இடங்களில் கமராவால் குற்றம் குறைந்தது என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. கார் நிறுத்துகிற இடங்களில்தான் நல்ல பலன் தெரிந்தது. பிறகு வந்த ஆய்வுகளும் ஏறக்குறைய இதையேதான் சொல்கின்றன. கார் உடைக்கிற கள்ளன் யோசித்து வருகிறவன், கமராவைக் கண்டால் வேறு இடம் பார்ப்பான். வெறியில் அடிபடுகிறவன் கமராவை அண்ணாந்து பார்த்துவிட்டா கை ஓங்குவான்? எங்கட பிரேரணையில் கார் நிற்கிற இடமும் இருக்கிறது, மண்டபத்தின் உட்பக்கமும் இருக்கிறது. இரண்டும் ஒன்றல்ல என்பதை இந்த இடத்தில் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த நாட்டில் எத்தனை கமரா இருக்கிறது என்று பலரும் பல கணக்குச் சொல்லுவினம். 42 லட்சம் என்று நெடுநாள் சொல்லப்பட்ட கணக்கு, 2002ஆம் ஆண்டு லண்டன் பட்னிப் பகுதியில் ஒருசில தெருக்களில் எண்ணியதைப் பெருக்கி எடுத்த ஒன்று. 2013ஆம் ஆண்டு பாதுகாப்புத் தொழில் நிறுவனங்களின் சங்கம் 40 லட்சத்துக்கும் 59 லட்சத்துக்கும் இடையில் இருக்கும் என்று மதிப்பிட்டது. அதற்குப் பின் வாசல் மணியோடு வருகிற கமரா எத்தனையோ வீடுகளுக்கு வந்துவிட்டது. இவற்றில் பெரும்பகுதி பொலிசுடையதோ கவுன்சிலுடையதோ அல்ல. கடைக்காரர், கம்பனிக்காரர், வீட்டுக்காரர், எங்களைப் போன்ற சங்கங்கள் வைத்திருப்பவைதான். அதாவது, நாளைக்கு நாங்களும் பார்க்கிறவர்களின் பக்கத்தில் நிற்கப் போகிறோம்.

அந்தத் தம்பியின் பயத்தைப் பற்றி இனிச் சொல்ல வேண்டும். இங்கே பிறந்த பிள்ளையளுக்கு அது விளங்காமல் இருக்கலாம். "கமரா எல்லா இடமும் இருக்குத்தானே அங்கிள், பஸ்ஸிலும் இருக்கு, பள்ளிக்கூடத்திலும் இருக்கு, இதில் என்ன?" என்று கேட்கிறார்கள். நல்ல கேள்வி. அவர்களுக்காக ஊர்க் கதை ஒன்று.

ஊரில் சுற்றிவளைப்பு என்று ஒன்று நடக்கும். விடியப்புறம் ஊரைச் சுற்றி ஆமி நிற்கும். ஆம்பிளையளை எல்லாம் பள்ளிக்கூட வளவுக்கோ கோயில் வீதிக்கோ வரச் சொல்லுவினம். வரிசையாக ஒவ்வொருவராக ஒரு வாகனத்துக்கு முன்னால் நடக்க வேண்டும். வாகனத்துக்குள்ளே தலையைச் சாக்கால் மூடி, கண்ணுக்கு மட்டும் இரண்டு ஓட்டை விட்டபடி ஒருவர் இருப்பார். அவர் தலையை ஆட்டினால் ஆளை ஏற்றிவிடுவார்கள். சனம் அவருக்கு வைத்த பெயர் தலையாட்டி. என் அப்பா அப்படி எத்தனையோ தடவை நடந்தவர். "துவக்கைப் பார்த்துக்கூட நான் அவ்வளவு பயப்பிடேல்ல, அந்த ரெண்டு ஓட்டையைப் பார்க்கத்தான் கால் நடுங்கும்" என்று சொல்லுவார். தலையாட்டி யார் என்று தெரியாது. ஏன் ஆட்டினான் என்று கேட்க முடியாது. அவன் ஆளை மாறிப் பார்த்திருந்தாலும் திருத்த வழி இல்லை. அப்படிக் கொண்டுபோனவர்களில் திரும்பி வராதவர்கள் பலர். அவர்களுடைய சொந்தங்கள் இந்த மண்டபத்திலும் இருக்கிறார்கள்.

நான் உயர்தரம் படித்த 2007ஆம் ஆண்டளவில் யாழ்ப்பாணத்தில் வீட்டில் ஆர் ஆர் இருக்கினம் என்று பதிவு, வெளியில் போக அடையாள அட்டை, குடாநாட்டை விட்டு வெளிக்கிட ஆமியின் கிளியரன்ஸ். எல்லாம் பாதுகாப்புக்காக என்றுதான் சொன்னார்கள். இங்கு வந்து இறங்கியதும் விரல் அடையாளமும் படமும் எடுத்தார்கள். பிறகு மாதாமாதம் போய்க் கையெழுத்து வைக்கிற வாழ்க்கை. இப்படிப் பதிந்து பதிந்தே வந்த ஒருவனிடம், "உன்னைப் படம் பிடிக்கிறது உன்ர பாதுகாப்புக்குத்தான்" என்று சொன்னால் உடனே நம்ப மாட்டான். தன் படம் யாரோ ஒருவர் கைக்குப் போய், ஊரில் இருக்கிற தாய் தகப்பனிடம் யாரும் வந்து விசாரிப்பார்களோ என்று அவன் நினைத்தால், அதை மனப்பிரமை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

"அதெல்லாம் அங்க. இங்க சட்டம் இருக்கு" என்று ஒரு அண்ணை சொன்னார். சட்டம் இருப்பது உண்மைதான். ஆனால் கேட்கிற சனம் இருந்தால்தான் அது வேலை செய்யும். அதற்கு மூன்று உதாரணம் சொல்கிறேன்.

முதலாவது, பேர்மிங்காம். 2010ஆம் ஆண்டு ஸ்பார்க்புறூக், வோஷ்வூட் ஹீத் என்ற இரண்டு பகுதிகளில் திடீரென்று 200க்கு மேற்பட்ட கமராக்கள் முளைத்தன. அவற்றில் 72 கமராக்கள் வெளியில் தெரியாமல் மறைத்து வைக்கப்பட்டவை. அங்கு வாழ்கிறவர்களில் பெரும்பாலோர் முஸ்லிம் மக்கள். வீதிக் குற்றத்தைக் குறைக்க என்று சொன்னார்கள். ஆனால் பணம் வந்தது பயங்கரவாதத் தடுப்பு நிதியிலிருந்து, கிட்டத்தட்ட 30 லட்சம் பவுண். ஊர்ச்சனம் விசாரித்து விடயத்தை வெளியில் கொண்டுவந்தது. கூட்டம் போட்டார்கள், பத்திரிகைக்குச் சொன்னார்கள். கமராக்கள் வேலை தொடங்கும் முன்பே அவற்றுக்கு மேல் பிளாஸ்ரிக் பை கட்ட வேண்டி வந்தது. வேறொரு பொலிஸ் பிரிவு வந்து விசாரித்து, சனத்திடம் சரியாகக் கேட்கவும் இல்லை, உண்மையைச் சொல்லவும் இல்லை என்று கடுமையாக எழுதியது. 2011ஆம் ஆண்டு கமராக்களைக் கழற்றினார்கள். கமராவை வெறுத்து அந்தச் சனம் எழும்பவில்லை. அவர்களும் கள்ளனுக்குப் பயந்தவர்கள்தான். ஒன்றைச் சொல்லி இன்னொன்றுக்குப் பூட்டியதுதான் அவர்களைச் சுட்டது.

இரண்டாவது, எசெக்ஸில் இருக்கிற பிறென்ற்வூட் நகரம். 1995ஆம் ஆண்டு மனமுடைந்த ஒரு மனிதர் இரவில் கத்தியோடு தெருவில் நின்று தன்னைத் தானே மாய்க்கப் பார்த்தார். கவுன்சில் கமராவில் கண்டவர் பொலிசுக்கு அறிவிக்க, அவரைக் காப்பாற்றினார்கள். இவ்வளவும் நல்ல வேலை. ஆனால் பிறகு கவுன்சில் தங்கள் கமராவின் பெருமையைக் காட்ட அந்தப் படத்தைப் பத்திரிகைக்கும் ரி.வி.க்கும் கொடுத்தது. அவருடைய முகத்தைச் சரியாக மறைக்கவில்லை. அயலவரும் நண்பர்களும் அடையாளம் கண்டார்கள். வழக்கு ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை போய், 2003ஆம் ஆண்டு அவர் வென்றார். தெருவில் நின்றாலும் ஒரு மனிதனுக்கு மானம், மரியாதை, தனிவாழ்க்கை உண்டு என்பதுதான் அந்தத் தீர்ப்பின் சாரம். இன்றைக்கு வட்ஸ்அப்பில் "இவரைத் தெரியுமா?" என்று கமராப் படத்தைப் போட்டு ஆயிரம் பேருக்கு அனுப்புகிறோமே, அந்த நேரம் இந்தத் தீர்ப்பை நினைக்க வேண்டும்.

மூன்றாவது, முகத்தை அடையாளம் காண்கிற புதுக் கமரா. இது படம் பிடிப்பதோடு நிற்காது. போகிற வருகிற ஒவ்வொரு முகத்தையும் அளந்து, பொலிஸ் பட்டியலில் உள்ள முகங்களோடு ஒப்பிட்டுப் பார்க்கும். லண்டன் பொலிஸ் 2020இலிருந்து வீதிகளில் இதைப் பாவிக்கிறது. முதலில் வானில் கொண்டுவந்து வைத்தார்கள். 2025இல் குரொய்டனில் விளக்குக் கம்பங்களிலேயே பூட்டினார்கள். குரொய்டன் என்றால் எங்கட ஆக்களுக்கு ஹோம் ஒபிஸ்தான் ஞாபகம் வரும். இனி அதோடு இதையும் சேர்த்து நினைக்க வேண்டியதுதான். இந்தக் கமராவால் தேடப்பட்ட குற்றவாளிகள் பிடிபட்டிருக்கிறார்கள், அதுவும் உண்மை. ஆனால் கேட்டதும் எனக்கு அந்த இரண்டு ஓட்டைதான் ஞாபகம் வந்தது. இதுவும் தலையை ஆட்டுகிறது. மாறி ஆட்டினால்?

மாறி ஆட்டும் என்பதற்கு ஆதாரம் இருக்கிறது. 2019ஆம் ஆண்டு அமெரிக்க அரசின் தர நிர்ணய நிறுவனம் 189 மென்பொருட்களைச் சோதித்தது. பலவற்றில் வெள்ளையரின் முகத்தை விட ஆசியர், கறுப்பினத்தவரின் முகங்களை ஆள்மாறாட்டமாகப் பொருத்துகிற பிழை 10 மடங்கு முதல் 100 மடங்கு வரை கூட இருந்தது. எல்லா மென்பொருளும் அப்படியல்ல, நல்லவையும் இருந்தன. ஆனால் எதைப் பாவிக்கினம் என்று கேட்க வேண்டியது எங்கள் வேலை. கார்டிஃப் நகரத்தில் ஒருவர் கேட்டார். நத்தார்க் கடைத்தெருவில் தன் முகத்தை ஏன் அளந்தீர்கள் என்று தென் வேல்ஸ் பொலிசுக்கு எதிராக வழக்குப் போட்டார். 2020 ஆகஸ்ட் மாதம் மேன்முறையீட்டு நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. யாரைப் பட்டியலில் போடுவது, எங்கே கமராவை வைப்பது என்பதில் பொலிசின் விருப்பத்துக்கு அளவுக்கு மிஞ்சி விட்டிருக்கிறது என்றது. நிறத்தாலோ ஆண் பெண் என்பதாலோ மென்பொருள் பக்கஞ் சாய்கிறதா என்று பொலிஸ் போதிய அளவு பார்க்கவில்லை என்றும் சொன்னது. பொலிஸ் அதைப் பாவிப்பதை அந்தத் தீர்ப்பு முழுதாகத் தடை செய்யவில்லை. ஆனால் விதி எழுதச் செய்தது. ஊரில் தலையாட்டிக்கு எதிராகப் போக எந்த நீதிமன்றம் இருந்தது? இரண்டு நாட்டுக்கும் உள்ள வித்தியாசம் அதுதான். நாங்கள் கேட்காமல் இருந்தால் அந்த வித்தியாசமும் கொஞ்சம் கொஞ்சமாக அழிந்துவிடும்.

இனி என் வேலைத்தளக் கதை. அங்கே லைனுக்கு மேலே, ஸ்ரோருக்குள்ளே, லொக்கர் அறை வாசலில் எல்லாம் கமரா. ஒரு நாள் லொக்கரில் இருந்து ஒரு போலந்துக்காரரின் ரெலிபோன் களவு போனது. வந்து இரண்டு கிழமையான ஒரு எரித்திரியப் பொடியனில் எல்லோரும் சந்தேகப்பட்டார்கள். பாஷை தெரியாது, அகதி, புது ஆள். போதாதா? கமராவைப் போட்டுப் பார்த்ததில் அவன் அந்தப் பக்கமே போகவில்லை. எடுத்தவர் வேறு ஆள். அன்றைக்கு அந்தப் பொடியன் கமராவைப் பார்த்துக் கும்பிடாத குறை. ஏழைக்கும் புதியவனுக்கும் சில நேரம் கமராதான் சாட்சி.

அதே கமராவால் இன்னொன்றும் நடந்தது. ஒரு சுப்பவைசர் எங்கட லைனில் நிற்கிற ஒரு அக்காவைக் கூப்பிட்டு, "நீங்கள் இந்தக் கிழமை ரொய்லற்றில் இத்தனை நிமிசம் நின்றிருக்கிறீர்கள்" என்று கடதாசியில் எழுதி வாசித்தார். கமராவில் கணக்குப் பார்த்திருக்கிறார். அக்காவுக்கு ஒரு வருத்தம், அதை யாருக்கும் சொல்ல விரும்பவில்லை. கண்ணீரோடு வந்தார். நாங்கள் யூனியன் ஆளிடம் போனோம். அவர் செய்தது ஒன்றே ஒன்று. வாசலில் இருந்த அறிவித்தலைப் படம் எடுத்துக்கொண்டு மனேச்சரிடம் போனார். "களவும் விபத்தும் தடுப்பதற்காக" என்று அதில் எழுதியிருந்தது. "ரொய்லற்றுக்குப் போவது களவா, விபத்தா?" என்று கேட்டார். மனேச்சரிடம் பதில் இல்லை. அந்தக் கடதாசி கிழிக்கப்பட்டது. யார் பதிவைப் பார்க்கலாம், எதற்காகப் பார்க்கலாம் என்று எழுதி ஒட்டினார்கள். அக்கா இன்றும் அதே லைனில்தான் நிற்கிறார்.

வேலைத்தளத்தில் இப்படிக் கேட்பதற்குப் பெரிய இடத்திலிருந்தும் ஆதாரம் உண்டு. 2024 பெப்ரவரியில் தகவல் ஆணையாளர் அலுவலகம் ஸேர்கோ லெஷர் என்ற நிறுவனத்துக்கு ஒரு உத்தரவு போட்டது. 38 விளையாட்டு நிலையங்களில் 2000க்கு மேற்பட்ட தொழிலாளர்கள் வேலைக்கு வந்ததைப் பதிய முகத்தையும் விரலையும் ஸ்கான் செய்து வந்தார்கள். அட்டையோ வேறு வழியோ இருக்க, உடம்பின் அடையாளத்தை எடுப்பது தேவையும் இல்லை, நியாயமும் இல்லை, நிறுத்துங்கள் என்று ஆணையாளர் சொன்னார். முதலாளி கேட்டால் தொழிலாளி மறுக்க முடியாத நிலையில் இருக்கிறார் என்பதையும் அவர் கணக்கில் எடுத்தார். வேலைக்குப் போகிற தம்பி தங்கைகள் இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

வீடுகளைப் பற்றியும் ஒரு சொல். எங்கட வீடுகளில் நகை இருக்கும் என்று கள்ளனுக்குத் தெரியும். அதனால் வாசல் மணியில் கமரா பூட்டுகிறீர்கள். பூட்டுங்கள், தப்பில்லை. ஆனால் அது பக்கத்து வீட்டு முற்றத்தையும் தெருவையும் பிடித்தால் தகவல் பாதுகாப்புச் சட்டம் உங்களுக்கும் பொருந்தும். 2021ஆம் ஆண்டு ஒக்ஸ்போர்ட் நீதிமன்றத்தில் ஒரு வீட்டுக்காரர் இப்படியான வழக்கில் தோற்றார். பக்கத்து வீட்டுப் பெண்ணின் பேச்சுக்கூட அவருடைய கருவிகளில் பதியக்கூடியதாக இருந்தது. படத்தை விடக் குரல் பதிவதுதான் பெரிய ஊடுருவல் என்ற கருத்தில் நீதிபதி கண்டித்தார். ஆகவே கமராவைக் கொஞ்சம் கீழே திருப்பி, குரல் பதிகிறதை நிற்பாட்டி விட்டால் அயலவரோடு மனஸ்தாபம் வராது.

இப்போது எங்கட மண்டபம். நான் இவ்வளவும் சொன்னது ஒரு முடிவுக்காக. பார்க்கப்படுகிறவன் கேள்வி கேட்டால், பார்க்கிறவன் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்க வேண்டும். அப்படி இருந்தால் அது காவல். அப்படி இல்லாவிட்டால் அது தலையாட்டி. இதை வைத்துப் பிரேரணையைக் கொஞ்சம் மாற்றித் தரும்படி கேட்கிறேன்.

ஒன்று, கார் நிற்கிற இடத்துக்கும் வெளிவாசலுக்கும் கமரா பூட்டுவோம். சங்கிலி அறுந்தது அங்கேதான், கமரா பயன் தருகிறதும் அப்படியான இடத்தில்தான். அதோடு அந்த இருட்டு மூலைக்கு நல்ல வெளிச்சம் போடுவோம். பள்ளி முடிகிற நேரம் இரண்டு பெற்றோர் முறை வைத்து வெளியில் நிற்போம். கமரா ஓடிவந்து கையைப் பிடிக்காது, நாங்கள்தான் பிடிக்க வேண்டும்.

இரண்டு, அலுவலக அறைக்கும் மண்டபத்துக்குள்ளும் கமரா வேண்டாம். அலுவலக அறையில்தான் எங்கட ஆக்கள் வழக்குக் கடிதத்தை விரித்து வாசிப்பிக்கினம், குடும்பப் பிரச்சினை சொல்லி அழுகினம். மண்டபத்தில் களவு போகாமல் இருக்கக் கோட்டுகளை வைத்துப் பூட்டுகிற அலுமாரி ஒன்று வாங்குவோம். வெளிவாசலில் முகத்தைக் காட்ட விரும்பாதவர்களுக்குப் பக்கக் கதவைத் திறந்து விடுவோம், அந்தப் பக்கம் கமரா வேண்டாம். யார் ஏன் அந்தக் கதவால் வருகிறார் என்று ஒருவரும் கேட்கக் கூடாது.

மூன்று, தமிழிலும் ஆங்கிலத்திலும் அறிவித்தல் ஒட்டுவோம். எதற்காகப் பூட்டியிருக்கிறது, யார் பொறுப்பு, யாரிடம் முறையிடலாம் என்று தெளிவாக எழுதுவோம். சட்டப்படி பதிய வேண்டியதைப் பதிந்து, கட்ட வேண்டிய வருடக் கட்டணத்தைக் கட்டுவோம்.

நான்கு, பதிவு ஒரு மாதத்துக்கு மேல் இருக்கக் கூடாது, தானாகவே அழிய வேண்டும். குரல் பதியக் கூடாது. முகம் அடையாளம் காண்கிற வசதி வேண்டவே வேண்டாம்.

ஐந்து, கடவுச்சொல் ஒருவரிடம் மட்டும் இருக்கக் கூடாது. இரண்டு பேர் சேர்ந்தால்தான் திறக்கக் கூடியதாக இருக்க வேண்டும், அதில் ஒருவர் பெண்ணாக இருக்கட்டும். ஒவ்வொரு முறை திறந்தபோதும் எதற்காக என்று கொப்பியில் எழுதிக் கையெழுத்து வைக்க வேண்டும். களவு நடந்தால் பொலிசுக்குக் கொடுப்போம், ஆனால் கேட்டு வருகிறவர் ஆர், எந்தச் சம்பவத்துக்கு என்று எழுத்தில் வாங்கிக் கொடுப்போம். வட்ஸ்அப்பில் ஒருவரும் போடக் கூடாது. தலைவர் மகனாக இருந்தாலும் சரி.

ஆறு, தன்னுடைய படம் என்ன பதிந்திருக்கிறது என்று கேட்கிற உரிமை ஒவ்வொருவருக்கும் இந்த நாட்டுச் சட்டத்தில் இருக்கிறது. பெரும்பாலும் இலவசம், ஒரு மாதத்துக்குள் பதில் கொடுக்க வேண்டும். கடையிடமும் கவுன்சிலிடமும் கேட்கிற அதே உரிமையோடு எங்களிடமும் கேட்கலாம். யாராவது கேட்டால் "என்ன, எங்களை நம்பேல்லையோ?" என்று கோபிக்காமல் கொடுக்க வேண்டும்.

ஏழு, ஒரு வருடம் பார்ப்போம். அடுத்த பொதுக்கூட்டத்தில் கொப்பியை மேசையில் வைத்து, எத்தனை தரம் திறந்தோம், என்ன பிரயோசனம் வந்தது என்று கணக்குக் காட்டுவோம். பிரயோசனம் இல்லாவிட்டால் கழற்றுவோம். பூட்டின கமராவைக் கழற்றுகிறது வெட்கமில்லை.

செலவைப் பற்றிப் பொருளாளர் ஐயா கேட்பார் என்று தெரியும். முதலில் சொன்ன திட்டத்தை விட இதற்குக் கமரா குறைவு, ஆகவே காசும் குறையும். மிச்சக் காசில் வெளிச்சமும் அலுமாரியும் வாங்கலாம்.

அந்தத் தாயிடமும் அந்தத் தம்பியிடமும் போன கிழமை இதைச் சொல்லிப் பார்த்தேன். தாய், "வெளிச்சமும் ஆளும் நிண்டால் எனக்குப் போதும்" என்றார். தம்பி உடனே ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அந்தக் கொப்பியை நானும் பார்க்கலாமோ அண்ணை?" என்று கேட்டார். பார்க்கலாம் என்று நான் சொல்லிவிட்டேன். இந்தச் சபை அதை உறுதிப்படுத்தித் தர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

பிறக்கிற புத்தாண்டு எல்லோருக்கும் பயமில்லாத ஆண்டாக அமையட்டும்.